கல்விக்கு ஒதுக்கப்பட்ட பள்ளம்

நகர மன்றத்தின் இளைஞர் நலப் பிரிவுக்கு அவசரமாக ஒரு பள்ளம் தேவைப்பட்டது.

பள்ளமே வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்கவில்லை. எரியாத விளக்கு, அள்ளாத குப்பை, எதுவானாலும் சரிதான். ஆனால் அது உண்மையான குறையாக இருக்க வேண்டும். அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளப்பட்ட குறையாகவும் இருக்க வேண்டும். 'செய்முறைக் குடிமைக் கல்வி' என்ற புதிய திட்டத்தின் விதி அது. குடிமக்களின் கடமைகளைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த தலைமுறைகள் என்ன கிழித்தன என்பது எல்லோருக்கும் தெரியும், அந்தத் தலைமுறைகள் நாம்தான் என்பதால். ஆகவே இனிமேல் இளைஞர்கள் ஓர் உண்மையான ஊர்க்குறையைக் கையில் எடுத்துக்கொண்டு, அலுவலகப் படிகளில் ஏறி இறங்கி, குடியாட்சியைச் செய்து பார்த்தே கற்க வேண்டும்.

யோசனை ஓர் ஆலோசகர் அம்மையாருடையது. அவர் எங்கே போனாலும் எல்லோரையும் வட்டமாக உட்காரச் சொல்வார். உலகத்தின் துன்பங்கள் யாவும் வரிசையாக உட்கார்ந்து எடுத்த முடிவுகளால் வந்தவை என்பது அவர் துணிபு. மன்றக் கூடத்தின் நீள்மேசை வட்டமாக மறுத்துவிட்டதால், முதல் ஆலோசனைக் கூட்டம் மேசையைச் சுற்றி, மேசை அங்கே இல்லாத பாவனையில் நடந்தது.

ஊரில் குறை தேடுவது எளிது என்று நினைப்பவர்கள் கோப்புகளைப் படித்ததில்லை. கோப்புகளின்படி ஊரில் குறையே கிடையாது. எரியாத விளக்கெல்லாம் அங்கே எரிந்துகொண்டிருந்தன. அள்ளாத குப்பையெல்லாம் அள்ளப்பட்டிருந்தது. ஒரு குறை இருப்பதாக ஒப்புக்கொண்டால், அதைச் சரிசெய்யாமல் இருந்தவர் யார் என்ற அநாகரிகமான கேள்வி எழும். எனவே ஒவ்வொரு பிரிவும் "எங்களிடம் இருப்பு இல்லை" என்று பணிவுடன் பதில் எழுதியது.

கடைசியில் ஒரு தையல்காரர் கடை வாசலில் பள்ளம் கிடைத்தது. குடிநீர்ப் பிரிவு குழாயைப் பார்க்கத் தோண்டியது, பார்த்துவிட்டுப் போய்விட்டது. சாலை எங்களுடையது அல்ல என்றது குடிநீர்ப் பிரிவு. பள்ளம் எங்களுடையது அல்ல என்றது சாலைப் பிரிவு. தாயும் தகப்பனும் கைவிட்ட அந்தப் பள்ளத்தை இளைஞர் நலப் பிரிவு தத்தெடுத்துக்கொண்டது. மறுநாளே பச்சை எழுத்தில் ஒரு பலகை நடப்பட்டது:

"இப்பள்ளம் கல்விப் பயன்பாட்டுக்கு உரியது. பொதுமக்கள் இதில் விழுவதைத் தவிர்க்கவும்."

தையல்காரர் பலகையை இருமுறை படித்தார். அவர் கடைக்கு வர வேண்டுமென்றால் பள்ளத்தின் குறுக்கே போட்டிருந்த ஒரு பலகைத் துண்டின் மேல் நடந்து வர வேண்டும். புதுக் காற்சட்டை வாங்கிக்கொண்டு புறப்பட்ட ஒருவர், அதே காற்சட்டையை முழங்காலில் தைக்கக் கொடுக்க உடனே திரும்பிவந்ததுண்டு. மற்றவர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

"இப்படியே போச்சுன்னா கடையைப் பூட்டிட்டு எவன் கடையிலயாவது பட்டன் தைக்கப் போக வேண்டியதுதான்" என்றார் மகளிடம். "யாராவது போய்க் கேக்கணும்."

"யாராவதுன்னா யாருப்பா?"

"யாராவதுதான்."

"நீங்க?"

"எனக்குக் கடை இருக்கும்மா."

மகள் பள்ளி இறுதி வகுப்பு மாணவி. வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் 'வக்கீல்'. எதிர்க்கேள்வி கேட்காமல் சோறுகூட உண்ணமாட்டாள். திட்டத்துக்கு மாணவர்கள் தேவை என்று பள்ளியில் அறிவித்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். இரண்டாவதாகப் பெயர் கொடுத்தவன் 'மைக்'. ரகசியம் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும் தொண்டை அவனுக்கு.

முதல் வகுப்பு பள்ளத்தைச் சுற்றி வட்டமாக நடந்தது. திட்ட அலுவலர் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார், எதையும் யாருக்கும் இரவல் தரமாட்டார்.

"அன்பார்ந்த இளம் குடிமக்களே! உங்கள் முன்னே ஒரு குறை இருக்கிறது. என்ன செய்வீர்கள்?"

"மூடிடுவோம் சார்" என்றான் மைக்.

அலுவலர் பரிவுடன் சிரித்தார். சின்னப் பிள்ளைகள் நிலாவைப் பிடித்துத் தரச் சொன்னால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

சனிக்கிழமை மாணவர்கள் அதை மூடிவிட்டார்கள். பக்கத்தில் இடித்துக்கொண்டிருந்த ஒரு வீட்டிலிருந்து கல்லும் மண்ணும் கேட்டு வாங்கினார்கள். கொத்தனார் ஒருவர் சாப்பாட்டு இடைவேளையில் வந்து இடித்துக் கெட்டிப்படுத்திக் கொடுத்தார். மாலைக்குள் வாசல் வாசலாகிவிட்டது. தையல்காரர் அதன்மேல் மூன்று தரம் நடந்து பார்த்தார். நாலாவது தரம் குதித்தும் பார்த்தார்.

திங்கட்கிழமை அலுவலர் வந்தார். பலகையைப் பார்த்தார். பலகைக்குக் கீழே பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"மூடிட்டோம் சார்" என்றாள் வக்கீல்.

"பாடத்தையே மூடிட்டீங்களேம்மா! இதை வெச்சுத்தான் வருஷம் பூரா நடத்தணும்!"

"குறையைத் தீர்க்கத்தானே சார் சொன்னீங்க?"

"தீர்க்கறது எப்படின்னு கத்துக்கச் சொன்னேன். தீர்க்கச் சொன்னேனா? நீச்சல் கத்துக்கறவன் முதல் நாளே குளத்தைத் தூர்த்துட்டுக் கரையேறினா என்ன அர்த்தம்?"

"மூழ்கலைன்னு அர்த்தம் சார்" என்றான் மைக். தெரு முழுக்கக் கேட்டது.

அதன்பின் நடந்ததை அந்தத் தெருவாசிகள் இன்றும் வியப்போடு சொல்வார்கள். பள்ளம் யாருடையது என்று பேசியே பொழுதைப் போக்கிய இரு பிரிவுகளும் அன்று பிற்பகலே கூட்டாக வந்தன. சாலைப் பிரிவு இயந்திரம் கொண்டுவந்தது; குடிநீர்ப் பிரிவு ஆள் கொண்டுவந்தது. தேநீர் ஆறுவதற்குள் பள்ளம் தோண்டப்பட்டுவிட்டது. பழையதைவிடச் சற்று ஆழமாகவே. அறிக்கையில் இது 'கல்வி உள்கட்டமைப்பு மேம்பாடு' என்று குறிப்பிடப்பட்டது. ஊரில் ஒரு பணி இத்தனை விரைவாக முடிந்தது அதுவே முதல் தடவை என்பதால், இரு பிரிவுகளின் தலைவர்களுக்கும் பாராட்டுக் கேடயம் வழங்கப்பட்டது.

அன்று மாலை தையல்காரர் பலகைத் துண்டைத் தேடி எடுத்து மறுபடி குறுக்கே போட்டார். அது நீளம் போதவில்லை. அதைப் பார்த்த வக்கீலுக்கு உறுத்தியது. மறுநாள் காலை நேரே அலுவலரிடம் போனாள்.

"சார், முறைப்படி மூடணும்னா என்ன செய்யணும்?"

"அப்படிக் கேளு!" அலுவலர் மலர்ந்துபோனார். "முதல்ல மனு. அப்புறம் நினைவூட்டல். அப்புறம் நினைவூட்டலுக்கு நினைவூட்டல். நடுவுல காத்திருத்தல். அதுக்குத்தான் அதிக மதிப்பெண்."

"காத்திருக்கறதுக்கு மதிப்பெண்ணா?"

"நல்ல குடிமகனுக்கு முக்கியமான தகுதி வேற என்னம்மா?"

காத்திருத்தல் செய்முறைத் தேர்வாக நடந்தது. மாணவர்கள் நகர மன்றத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அலுவலர் 'இதோ வந்துவிட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பிவந்தபோது மைக் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். 'பயிற்சியின் நோக்கத்தை முழுமையாக உள்வாங்கியவர்' என்ற குறிப்புடன் அவனுக்கு முதலிடம் கிடைத்தது. வக்கீல் இடையில் எழுந்துபோய் உள்ளே எட்டிப்பார்த்ததால் சில மதிப்பெண்களை இழந்தாள்.

ஆனால் அவள் விடவில்லை. மனு எழுதினாள். 'மேற்படி பள்ளம்' என்று எழுதாமல் 'பள்ளம்' என்று மட்டும் எழுதியதால் அது திரும்பிவந்தது. மீண்டும் எழுதினாள். 'தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது' என்று பதில் வந்தது. எங்கே அனுப்பப்பட்டது என்று கேட்டாள். 'உரிய இடத்துக்கு' என்று பதில் வந்தது. அந்த உரிய இடத்தைத் தேடி மாடி மாடியாக ஏறினாள். போகப்போக அவளுக்கும் அந்த மொழி பிடிபட்டுவிட்டது. வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று அம்மா சொன்னால், "பொருள், பார்வை எல்லாம் போட்டு எழுத்துபூர்வமாகக் குடுங்க" என்பாள். விளையாட்டாகத்தான் சொன்னாள், ஆரம்பத்தில்.

இதற்கிடையே திட்டத்தின் புகழ் பரவியது. எங்கும் குடிமைக் கல்வியே பேச்சு. 'ஊர்க்குறையை நேரில் காணும் கல்வி' என்று பத்திரிகைகள் எழுதின. வெளியூர்ப் பள்ளிகள் பேருந்துகளில் வந்து இறங்கின. பிள்ளைகள் பள்ளத்தைச் சுற்றி வட்டமாக நின்று குறிப்பெடுத்தார்கள். சிலர் செய்முறையில் அதிக ஈடுபாடு காட்டி உள்ளேயே விழுந்தார்கள். எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரர் கட்டுத்துணியை வாசலிலேயே தொங்கவிட்டார். முனையில் இருந்த ரொட்டிக்கடை இரண்டாவது அடுப்பு போட்டது. ஆலோசகர் அம்மையார், இளம் குடிமக்களுக்கு ஒரு கண்ணியமான அடையாளம் வேண்டும் என்று சொல்லி, நீலக் கரை வைத்த ஓர் அங்கியை வடிவமைத்தார். அதைத் தைக்க, பள்ளத்துக்கு மிக அருகில் இருந்த தையற்கடை தேர்வாயிற்று.

வக்கீல் இதையெல்லாம் பார்த்தாள், ஆனால் கவனிக்கவில்லை. அப்பா இப்போதெல்லாம் புலம்புவதில்லை, சாப்பிடும்போதுகூட வாயில் நூல் இருக்கிறது என்பதை மட்டும் அறிந்திருந்தாள். கவலையை வேலையில் மறக்கிறார், பாவம் என்று நினைத்தாள். அந்தப் பாவத்துக்காக இன்னும் வேகமாகப் படியேறினாள்.

ஒருநாள் திட்ட விதிகளின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி அவள் கண்ணில் பட்டது. எல்லாப் பாடங்களையும் முடித்த மாணவர், தெருவாசிகளின் பொதுக்கூட்டத்தைத் தாமே தலைமையேற்று நடத்தலாம். அக்கூட்டத்தின் பெரும்பான்மை முடிவு நகர மன்றத்தைக் கட்டுப்படுத்தும். இளைஞர்களுக்கு மெய்யான அதிகாரம் தர வேண்டும் என்ற எழுச்சியில் ஆலோசகர் எழுதியது. யாரும் அந்தப் பக்கம்வரை போகமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் மன்றம் ஒப்புக்கொண்டது.

பாடங்களையெல்லாம் முடித்துவிட்டிருந்த வக்கீல் எடுத்து நீட்ட, அலுவலர் அந்தப் பக்கத்தை முதன்முறையாகப் படித்தார்.

"கட்டுப்படுத்துமா?" என்றார்.

"கட்டுப்படுத்தும் சார்."

"மூடணும்னு தீர்மானம் போட்டா?"

"மூடணும் சார். அப்புறம் தோண்டவும் முடியாது."

அலுவலர் ஒரு பேனாவை எடுத்துத் திறந்து மூடினார். "அப்போ நான் எங்கம்மா போறது?" என்றார் மெல்ல. அதற்கு விதிகளில் பதில் இல்லை.

வக்கீலும் மைக்கும் வீடு வீடாகப் போனார்கள். "கட்டாயம் வரணும். உள்ளேயே உக்காந்து முணுமுணுத்தா எதுவும் நடக்காது. மனசுல இருக்கறதை வெளிப்படையாச் சொல்லணும்" என்று வக்கீல் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ரொட்டிக்கடைக்காரர் அவளுக்கு ஒரு ரொட்டியைச் சும்மாவே கொடுத்தார். "உன்னால இந்தத் தெருவுக்கே ஒரு வெளிச்சம் வந்திருக்கும்மா" என்றார். அவள் நெகிழ்ந்துபோனாள்.

கூட்டம் ஞாயிறு காலையில் நடந்தது. பள்ளத்தைச் சுற்றி வட்டமாக நாற்காலிகள். தலைமை நாற்காலியில் வக்கீல், அப்பா தைத்த அங்கியில். தோள் அளவெடுத்தாற்போல் பொருந்தியிருந்தது. வட்டத்தின் ஓரத்தில் அப்பா கழுத்தில் அளவு நாடாவோடு நின்றார். வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்.

வக்கீல் எழுந்து பேசினாள். நன்றாகவே பேசினாள். விழுந்தவர்களைப் பற்றிச் சொன்னாள். வாடிக்கையை இழந்த ஒரு கடையைப் பற்றிச் சொன்னபோது மைக்கே மூக்கை உறிஞ்சினான். அது ஊர் முழுக்கக் கேட்டது.

"ஆகவே மேற்படி பள்ளத்தை நிரந்தரமாக மூட வேண்டும் என்று முன்மொழிகிறேன். ஆட்சேபணை உள்ளவர்கள் கை உயர்த்தலாம்."

முதலில் மருந்துக்கடைக்காரர் கை எழுந்தது. "தப்பா நினைக்காதம்மா. மூடலாம். இந்த வருஷம் வேணாம்."

ரொட்டிக்கடைக்காரர் எழுந்தே நின்றார். "ரெண்டாவது அடுப்பு இப்பதான் போட்டிருக்கேன்."

"எங்க மாடியை வெளியூர் வாத்தியாருங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கோம்" என்றார் இன்னொருவர். "பள்ளம் தெரியற மாதிரி அறைதான் வேணும்னு கேக்கறாங்க."

கைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அலுவலரின் முகத்தில் வெகுநாள் கழித்து ரத்தம் ஓடியது. ஆலோசகர் அம்மையார், "பாருங்கள், மக்கள் பேசுகிறார்கள்!" என்று கண் கலங்கினார்.

வக்கீல் வட்டத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓரத்தில் அவள் கண் நின்றது. அளவு நாடாவுக்குப் பக்கத்தில் ஒரு கை, தோளைச் சொறிவதா உயர்வதா என்று முடிவுசெய்யாமல் காது வரைக்கும் வந்திருந்தது.

"அப்பா!"

"நூத்துக்கணக்குல அங்கி இருக்கும்மா" என்றார் தையல்காரர், தரையைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு ஆளை வேலைக்கு வெச்சிருக்கேன்."

"கடை போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது அப்போ."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ அலைஞ்சுக்கிட்டிருந்தியா... எப்பச் சொல்றது? அதான், மனசுல இருக்கறதைக் கூட்டத்துல வந்து சொல்லச் சொன்னியேன்னு..."

வக்கீல் அலுவலர் பக்கம் திரும்பி, "எனக்கு ஓட்டு உண்டா சார்?" என்று கேட்டாள்.

"இரண்டு பக்கமும் சமமா இருந்தா மட்டும்தாம்மா, தலைவருக்கு."

சமத்துக்கு வெகுதூரம் இருந்தது. மூட வேண்டும் என்ற கட்சியில் மைக் மட்டும் இருந்தான். அவன் அந்தத் தெருக்காரனே இல்லை.

பிறகு அவள் அங்கியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பேனாவை எடுத்தாள். ஒவ்வொரு கையாக விரலால் சுட்டி, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே வட்டத்தைச் சுற்றி வந்து, ஓரத்தில் இருந்தவர் முன்னால் நின்றாள்.

"கையை நல்லா மேல தூக்குங்கப்பா" என்றாள். "இப்படி அரைகுறையாத் தூக்கினா செல்லாது."