மணிக்கட்டு நீட்டி

மனிதரில் மணிக்கட்டு நீட்டி என்றோர் இனம் உண்டு. தாம் மணப்பதற்காக இவர்கள் அத்தர் பூசுவதில்லை. நீங்கள் முகர்ந்துவிட்டு என்ன சொல்கிறீர்கள் என்று பார்க்கவே பூசுகிறார்கள். லிஃப்டில் நீட்டுவார்கள், வங்கி வரிசையில் நீட்டுவார்கள், நீங்கள் தும்மிக்கொண்டிருந்தாலும் நீட்டுவார்கள். 'நல்லாருக்கு' என்று சொல்லித் தப்ப முடியுமா? "நல்லாருக்குன்னா எப்படி? முதல்ல என்ன வருது?" என்பார்கள்.

எனக்குத் தெரிந்தவர் ஒரு கண்ணாடிக்கடைக்காரர். அப்படியொரு தொழில் வாய்த்தது அவர் கொடுப்பினை. கண் சோதிக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டவர் எங்கே ஓடுவார்? லென்ஸ் மாற்றும் கை, மூக்குக்கு இரண்டு விரற்கடை தூரத்தில்.

"கீழ் வரி தெரியுதா?"

"தெரியுது."

"வாசனை தெரியுதா?"

போன மாதம் அவருக்குத் தபாலில் கிரேக்கப் புராண அத்தர்கள் வந்தன; சுண்டுவிரல் உயரக் குப்பிகள், குப்பிக்கொரு தெய்வம். முதலில் திறந்தது பெர்செஃபனி. பாதாள ராஜன் தூக்கிக்கொண்டு போன பெண், அங்கே மாதுளை முத்துகளைத் தின்ற பாவத்துக்கு ஆண்டுதோறும் சில மாதம் அங்கேயே கிடக்க வேண்டியவள் என்று கூட வந்த காகிதத்தில் படித்து, உருகி, மணிக்கட்டு போதாமல் முழங்கை வரை பூசிக்கொண்டு கடைக்குப் போனார்.

உள்ளறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னைக்கு ஸ்கூல் எச்.எம். வராங்க. முந்நூறு பிள்ளைங்களோட கண்ணாடி ஆர்டர். போய்க் கையக் கழுவுங்க."

"படிச்சவங்கம்மா. ரசிப்பாங்க."

தலைமையாசிரியை வந்தார். முதலில் தம் கண்ணைக் காட்டிக் கடையை எடைபோட்டுவிட்டுப் பிறகு பேசலாம் என்பது அவர் உத்தேசம். லென்ஸ் வந்தது. கை வந்தது. பாதாளமும் வந்தது. அம்மையாரின் கண்ணில் பொலபொலவென்று நீர்.

"இது எப்படி இருக்கு?"

"மங்கலா இருக்கு."

பவரை ஏற்றினார்.

"இது?"

"இன்னும் மங்கல்."

இன்னும் ஏற்றினார்.

"இப்போ?"

"சார், சுவரே காணோம்!"

அவரோ முகத்தருகே குனிந்து, "முதல்ல மாதுளை வரும் மேடம், அப்புறம் மல்லி, பொறுமையா இருந்தா கடைசியில பாதாளம்" என்றார்.

"கடைசியிலயா? நான் வந்ததுலேருந்து அங்கதான் இருக்கேன்!"

சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி சன்னலைத் திறந்தார், மின்விசிறியைச் சுழலவிட்டார், அம்மையாரின் கண்ணைத் துடைத்து, லென்ஸ்களையெல்லாம் கழற்றி, "இப்பப் படிங்க" என்றார். கடைசி வரி மட்டுமா, அதற்கும் கீழே அட்டையை அச்சிட்டவர் முகவரியையும் சேர்த்துப் படித்தார் தலைமையாசிரியை.

"பிள்ளைங்கள நீங்கதான் பாக்கணும்மா. சார் வாசல்ல நிக்கட்டும்."

ஆர்டர் பிழைத்தது. கடைக்காரர் வாடிப்போனார். ஆனால் படியிறங்கப் போன அம்மையார் நின்றார், தம் சேலைத் தலைப்பை மூக்கருகே கொண்டுபோய், "அட... இப்பதான் மாதுளை வருது" என்றார்.

அவ்வளவுதான்! முந்நூறு கண்ணாடியாவது, மானமாவது? மனிதர் தெருவில் போன தபால்காரரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, "கேளுங்க, மேடம் சொல்றாங்க!" என்று குதித்தார்.

நீங்கள் அத்தர் பூசுவதில்லை, தெரியும். ஆனால் சென்ற வாரம் ஒரு நண்பர் காதில் இயர்போனைச் செருகி, "இந்த இடம்... இல்ல, இனிமேதான்... இதோ, இதோ!" என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்களே, பாவம், அந்த மனிதர் பேருந்தைத் தவறவிட்டது உங்களுக்குத் தெரியுமா?