அம்மாவின் பென்ஷனுக்காக நான் இல்லாமல் போன நாள்

சட்டம் முழுதாகத் தெரிந்தவனிடம் மாட்டினால்கூடத் தப்பிக்கலாம். பாதி தெரிந்தவன் நம் வீட்டுக்குள்ளேயே இருந்தால் கஷ்டம். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்.

எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு பனியன் கம்பெனி, பரோட்டாக் கடை, லாரி என்று சுற்றியவன். வேலை இல்லாதபோது (அதாவது, பெரும்பாலும்) கோத்தகிரிக்குக் கீழே தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசையில் இருக்கும் அம்மாவின் லைன் வீட்டுக்கு வருவேன். அப்படி வந்த ஒருமுறை அம்மாவுக்கு முழங்கால் போய், கொழுந்து பறிக்கும் கூலி வேலையும் நின்றிருந்தது. ரேஷன் அரிசி இருந்தது. மாத்திரைக்கும் கேஸுக்கும் வழியில்லை. முதியோர் பென்ஷனுக்கு மனு போட்டிருந்தாள். மறுநாள் வி.ஏ.ஓ. விசாரிக்க வருகிறார் என்றாள்.

சம்பாதிக்கிற வயதில் மகன் இருந்தால் பென்ஷன் கிடையாது என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லியிருந்தார். (வக்கீலா என்று கேட்கவில்லை. பேன்ட்டை அயர்ன் பண்ணியிருந்தார், போதாதா?) எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. குடும்பத்துக்கு முதல்முறையாக என்னால் ஒரு நன்மை: நான் இல்லாமல் போவது.

மறுநாள் காலை சட்டை, செருப்பு, ஷேவிங் செட் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே பதுங்கினேன். கால் மணி நேரம் அட்டைகள் மட்டுமே என்னை விசாரித்தன. பிறகு முதுகுக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். திரும்பினேன். காட்டெருமை.

"அம்மா, அம்மா" என்று அலறிக்கொண்டு ஓடி, வாசலில் அம்மாவை விசாரித்துக்கொண்டிருந்த வி.ஏ.ஓ. மேடத்தின் நாற்காலிக்கு முன்னால் மூட்டையோடு போய் விழுந்தேன்.

"ஏனுங்க, இது யாருங்க?"

"யாரோ வழிப்போக்கருங்க" என்றாள் அம்மா, கண் இமைக்காமல்.

"வழிப்போக்கருக்கு உங்க மூக்கு எப்படிங்க வந்துச்சு?"

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மேடம் பேனாவை எடுத்தார். "மகன் இருந்தா என்னங்க? அம்மாவ நீங்க வெச்சுக் காப்பாத்தறீங்களா, அதுதான் கேள்வி. மாசம் என்ன அனுப்பறீங்க?"

யோசித்தேன். "போன பொங்கலுக்கு ஒரு கம்பளிங்க."

"அதையும் மறு வாரமே எடுத்துட்டுப் போயிட்டானுங்க" என்றாள் அம்மா.

மேடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "ஒரு மகன் உண்டு. ஆதரவு இல்லை." சாட்சிக்கு அக்கம்பக்கத்தில் இரண்டு கையெழுத்து கேட்டார். காட்டெருமையைப் பார்க்கக் கூடியிருந்த லைன் மொத்தமும் முண்டியடித்துக்கொண்டு கையெழுத்துப் போட வந்தது.

மூன்றாம் மாதம் பென்ஷன் வந்துவிட்டது. இப்போதெல்லாம் நான் சேலையோ பழமோ வாங்கிக்கொண்டு போனால், அம்மா வாசலிலேயே மறித்து லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வாள்: "உள்ள கொண்டாராத தம்பி. பென்ஷன் நின்னு போயிரும்."