விபத்தில்லாத ஆயிரம் நாள்

விழுந்ததும் ஜாக்கிரதை சார் கணுக்காலைப் பார்க்கவில்லை. யாராவது பார்த்துவிட்டார்களா என்றுதான் பார்த்தார். வேதியியல் துறை மாடிப்படியில் ஈ காக்கை இல்லை. அப்பாடா என்று மூச்சுவிட்ட பிறகுதான் வலி உச்சந்தலைக்கு ஏறியது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் பணியிடப் பாதுகாப்புக்கு அவர்தான் தலைவர். எதைச் சொன்னாலும் "ஜாக்கிரதை" என்று முடிப்பார். அதனால் அவருடைய சொந்தப் பெயரை ஊரே மறந்துவிட்டது. நுழைவாயிலில் ஆளுயரப் பலகை ஒன்று வைத்திருந்தார்: 'விபத்தில்லாத நாட்கள்: 999.' நாளைக் காலை பத்து மணிக்குத் துணைவேந்தர் அதை ஆயிரமாக்குவார். அதே மேடையில், ஐந்து வருடமாகத் தற்காலிகமாகத் தொங்கிக்கொண்டிருக்கும் நம்மவர் வேலையை நிரந்தரமாக்குவார்.

ஆனால் வளாகத்தில் யாருக்காவது அடிபட்டால் பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும். பூஜ்யத்துக்குக் கீழே அடிபட்டவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். இந்த விதியைப் போட்ட புண்ணியவான் வேறு யாருமில்லை, இதோ படியில் உட்கார்ந்து கணுக்காலை ஊதிக்கொண்டிருக்கிறாரே, அவரேதான்.

கைப்பேசி அடித்தது. மனைவி.

"ஏங்க, நாளைக்கு எனக்கு முன்வரிசையில இடம் இருக்குல்ல? அக்காவையும் வரச் சொல்லிட்டேன்."

"அவங்க எதுக்கு?"

"எதுக்கா? 'உன் வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை நிலைக்கலையா'ன்னு அஞ்சு வருஷமா கேட்டாளே, நேர்ல வந்து பாக்கட்டும். என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஜாக்கிரதை."

வைத்துவிட்டார். அந்த அக்கா முன்னால் பூஜ்யமும் அதற்குக் கீழே தன் பெயரும் நிற்பதை நினைத்தார்.

எழுந்திருக்கப் பார்த்தார். "அம்மா!" என்று தன்னை மீறிக் கத்திவிட்டார்.

சத்தம் கேட்டு ஆய்வக உதவியாளர் மேலே இருந்து எட்டிப் பார்த்தார். அவருடைய கையே கட்டுப்போட்டுத் தொங்கியது. போன வாரம் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தாராம். இந்த ஊழியர்களுக்கு ஒழுங்காகக் குளிக்கக்கூடத் தெரியவில்லையே என்று நொந்துபோய், வீட்டுக் குளியலறையில் ரப்பர் விரிப்பு போடச் சொல்லி ஜாக்கிரதை சார் இதுவரை நான்கு சுற்றறிக்கை அனுப்பியிருந்தார்.

"என்ன சார், படியில உக்காந்துட்டீங்க?"

"ஆய்வு. படி ஆய்வு."

"உக்காந்துக்கிட்டா?"

"உக்காந்து பாத்தாத்தான் படியோட குணம் தெரியும்."

உதவியாளர் முகம் வெளிறியது. "தெ... தெரிஞ்சுதா சார்?"

"தங்கமான படி. நீங்க போங்க."

உதவியாளர் இரண்டு படி இறங்கி, மூன்றாவது படியை ஒரே எட்டில் தாண்டிக் கீழே போனார். இந்தக் கட்டடத்தில் எல்லோருக்குமே இந்தத் தாவும் புத்தி இருந்தது. 'ஒவ்வொரு படியாக இறங்கவும், ஜாக்கிரதை' என்று சுவரில் ஒட்டிவைத்தும் ஒருவரும் திருந்தவில்லை.

இரண்டு நிமிடத்தில் கீழே குசுகுசுப்பு. துறைத் தலைவரும் நான்கு பேராசிரியர்களும் கூடிவிட்டார்கள்.

"சார் படிய ஆய்வு பண்றாராமே? மேல வரலாமா?"

வந்தால் எழுந்து நிற்க வேண்டும். நின்றால் குட்டு உடைந்துவிடும். பயத்தில் அவருக்கு மூளையைவிடக் கை வேகமாக வேலை செய்தது. சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை எட்டி அமுக்கிவிட்டார்.

மணி அலறியது.

"அவசர வெளியேற்றப் பயிற்சி!" என்று கத்தினார். "எல்லாரும் வெளிய ஓடுங்க! ஓடாதீங்க, நடங்க! ஜாக்கிரதை!"

கட்டடம் காலியானதும் பின்வாசல் வழியாக நொண்டிக்கொண்டே நழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டார். ஆனால் அவர் போட்ட விதி இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு பயிற்சியிலும் ஒருவர் அடிபட்டவராக நடிக்க வேண்டும். மீட்புக் குழு அவரை மூன்று நிமிடத்தில் தூக்கி வர வேண்டும். விதி என்றால் விதிதான். தலைக்கவசம் போட்ட நான்கு பேர் தூக்குப்படுக்கையோடு வந்து நின்றார்கள்.

"அட, இந்தத் தடவ சாரே நடிக்கிறாருய்யா!" என்றார் காவலாளி.

"நடிக்கல! இடது காலத் தொடாதீங்க!"

"என்னமா கத்துறாரு பாரு! நாமளும் இருக்கமே."

"இடது கால்! இடது!"

"நடிப்புக்கு எந்தக் கால்ல கட்டினா என்ன சார்?" என்று வலது காலுக்கு அழகாகக் கட்டுப்போட்டார்கள். இறங்கும்போது அந்த இடது காலைக் கைப்பிடிச் சுவரில் இரண்டு தடவை இடித்தார்கள்.

வெளியே முந்நூறு பேர். நடுவில் துணைவேந்தர்.

"பாருங்கய்யா, கண்ணுல தண்ணியே வருது! இதான் கடமை உணர்ச்சி!"

கைத்தட்டல் காதைப் பிளந்தது. ஆய்வக உதவியாளர் மட்டும் தட்டவில்லை. ஒரு கையால் எப்படித் தட்டுவார்? ஜாக்கிரதை சாரின் வீங்கிய காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பயிற்சி முடிஞ்சுதுல்ல, எழுந்து வாங்க. நாளைக்கு மேடைக்கு எப்படி வருவீங்களோ, அப்படி நடந்து காட்டுங்க," என்றார் துணைவேந்தர்.

ஜாக்கிரதை சார் எழுந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பல்லையே சிரிப்பாகவும் காட்டிக்கொண்டு, பதினோரு அடி நடந்தார். அவருடைய பணிக்காலத்திலேயே மிக நீளமான பதினோரு அடி அதுதான்.

தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று வாடகைக் காரில் நகரத்தின் மறுகோடிக்குப் போனார். சந்துக்குள் ஒரு சின்ன மருத்துவமனை. வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்தார். நர்ஸ் பதிவேட்டைத் திறந்து பெயர் கேட்டாள். யாருக்கும் தெரியாத தன் சொந்தப் பெயரைத் தைரியமாகச் சொன்னார்.

"எப்படி அடிபட்டுச்சு?"

"வீட்டுக் குளி..."

"குளியலறையில வழுக்கிட்டீங்க," என்று அவளே எழுதி முடித்துவிட்டாள். "பல்கலைக்கழகத்துல வேலையா?"

"எ... எப்படித் தெரியும்?"

"பயப்படாதீங்க சார், வெளிய சொல்ல மாட்டேன். உங்க ஆளுங்க எல்லாரும் இவ்ளோ தூரம் தள்ளி இங்கதான் வருவாங்க."

பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். குளியலறை, குளியலறை, குளியலறை. ஆய்வக உதவியாளர், துறைத் தலைவர், இரண்டு பேராசிரியர்கள். ஜாக்கிரதை சார் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நர்ஸ் குனிந்து கணுக்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏன் சார், உங்க ஆபீஸ்ல யாரோ ஜாக்கிரதை சாராமே, அந்த மூணாவது படிய அவரு இன்னுமா சரி பண்ணல?"