கர்த்தாவே என்பதற்கு நடுவில் ஒரு பல்லி

என் மரியாதைக்கும் கேலிக்கும் உரிய ஸ்டெல்லா மதினிக்கு,

வடநாட்டுத் தளேகாவிலிருந்து உங்கள் நாத்தனார் எஸ்தர் எழுதுவது. கர்த்தர் கிருபையால் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். அண்ணனுடைய கோபம் மட்டும் கொஞ்சம் இளைக்கட்டும். போனில் சொன்னால் அவர் பிடுங்கி உபதேசம் ஆரம்பித்துவிடுவார் என்றுதான் தாளில் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்து வாசியுங்கள்.

நாளை ஞாயிறு எங்கள் தமிழ்ச் சபையில் அசனம், சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பாடு. அதற்கென்று செயலாளர் அமல்ராஜ் அண்ணாச்சி சொந்தமாக ஒரு பாட்டு எழுதினார், நல்ல பாட்டுதான், பொய் சொல்லக் கூடாது. கிட்டார் வாசிக்கப் பக்கத்து ஊர் வாகட்டிலிருந்து ஜான் வருகிறான், நாற்பது வயது, கம்ப்யூட்டர் வேலை, தமிழை ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவித்தான் வாசிப்பான். கிட்டாரில் எந்த இடத்தில் கைப்பிடியை மாற்ற வேண்டும் என்பதற்கு வரிக்கு மேலே இங்கிலீஷ் எழுத்து போடுவார்களாம், கார்டு என்கிறார்கள். அண்ணாச்சி அதையெல்லாம் போனில் அடித்து எங்கள் பாடகர் குழு குரூப்பில் போட்டார்; வந்து விழுந்தபோது எல்லா எழுத்தும் இடது பக்கம் சறுக்கி முதல் வார்த்தை தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஜான் தாளில் உள்ளபடி நடக்கிற பிள்ளை. முதல் வார்த்தையிலேயே மூன்று கார்டையும் அடித்து முடித்துவிட்டு, மீதி வரிக்குச் சும்மா நின்றான், முதல் பந்தியிலேயே பாயசம் தீர்ந்துபோன கல்யாண வீட்டுக்காரன் மாதிரி.

நான் சாகணில் ஒரு கம்பெனி கேன்டீனில் சப்பாத்தி போடுகிறவள், எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, ஆனால் காது இருக்கிறது மதினி. கை எங்கே மாற வேண்டும் என்று எனக்குத் தெரியும். வார்த்தை தொடங்குகிற இடத்திலா மாறும்? கர்த்தாஆஆ என்று நாங்கள் இழுத்து முடித்து, வே என்று இறங்குகிறோமே, அந்தச் சந்தில்தான் மாறும். அதனால் ஜானின் இடது கையை இரண்டு வாரம் உற்றுப் பார்த்தேன். அவன் பெண்சாதி ப்ரீதிகூட ஒரு மாதிரி பார்த்தாள், பார்க்கட்டும். ஒரு பிடிக்கு விரல் விரிந்து நண்டு மாதிரி இருக்கும்; ஒன்று பின்னிக்கொண்டு முறுக்கு; ஒன்றில் ஒரு விரல் நீளமாகப் படுத்து மற்றதெல்லாம் கால் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அது பல்லி. பாட்டைப் பெரிதாக எழுதி, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் அந்தந்தப் படத்தைப் போட்டுக் கொடுத்தேன். எழுத்தெழுத்தாக வாசிக்கிறவனுக்கு எழுத்துக்கு நடுவில் வைத்தால்தானே வசதி? ஜான் ஒரு தடவை பார்த்தான், பிசகில்லாமல் வாசித்தான். நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு வரியை முடித்தது இந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அங்கேதான் வினை. அண்ணாச்சி தாளை வாங்கிப் பார்த்தார். கர்த்தாவே என்பதில் தாவுக்கும் வேக்கும் நடுவில் பல்லி, வால் கொஞ்சம் நீளமாகவே வந்துவிட்டது. முகம் கறுத்துப்போய், "ஆண்டவர் பேருக்குள்ள பல்லிய விட்டிருக்கியே எஸ்தர், இது என்ன ரசச் சட்டியா?" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "பல்லியையும் அவர்தான படைச்சார் அண்ணாச்சி, உங்கள மாதிரியே" என்று சொல்லிவிட்டேன். கமிட்டி கூடியது. இனி அந்தத் தாளை யாரும் தொடக் கூடாதாம். நாளை ஆராதனையில் எல்லார் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பதினேழு வருஷமாக நிற்கிற பாடகர் குழுவில் எனக்கு இடமில்லையாம்.

கேட்கமாட்டேன் மதினி. எதற்குக் கேட்க வேண்டும்? படிக்காதவள் கண்டுபிடித்தாள் என்பதுதான் அவர்களுக்கு வலிக்கிறது, பல்லி ஒரு சாக்கு. அந்தப் பாட்டைப் பாடவே பிறந்தவள் மாதிரி ஒரு மாதமாக எனக்குத் தூக்கத்தில்கூட அதுதான் ஓடுகிறது, ஆனாலும் போகமாட்டேன். வீட்டில் கால் நீட்டி உட்காருவேன், அசனச் சோறும் வேண்டாம். அண்ணனிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். அவர் தங்கச்சி பணிகிற ரகம் இல்லை என்று அவருக்கும் தெரியட்டும்.

கர்த்தர் உங்கள் வீட்டுப் பானையையும் பிள்ளைகளின் தலையையும் ஆசீர்வதிப்பாராக. அண்ணனுக்கு என் ஸ்தோத்திரத்தைத் தள்ளி நின்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தலை குனியாத
எஸ்தர்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது அமல்ராஜ் அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். அவருக்கென்று பதினைந்து பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன், ஒன்றைவிட ஒன்று காரம். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அந்தத் தாள் இல்லாம ஜான் கிட்டாரத் தொடமாட்டேங்கான். மன்னிப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், நீ வந்து பாடு தாயி" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். சண்டைக்கு வந்த மனுஷன் இப்படியா பேசுவது? பாழாய்ப்போன வாய், அந்தப் பதினைந்தில் ஒன்றைக்கூட எடுக்காமல், "என்னை மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்று தானாகச் சொல்லிவிட்டது, அழுகை வேறு. அண்ணனுக்கு மேலே உள்ளதை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். இந்தத் துண்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள்.