மாமனாரின் மணிவிழாவும் என் நானூறு படங்களும்

"மாமனார் மணிவிழாவுக்கு போட்டோகிராபரே வேணாம். நானே புடிக்கிறேன்!"

இப்படி முழங்கியபோது நான் கேமரா வாங்கி ஒன்பது நாள். என் மனைவி செந்தமிழ்ச்செல்வி சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், "தாராளமா புடிங்க" என்றாள். பதினாறு வருஷத்தில் அவள் இவ்வளவு சுலபமாக எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

விஷயம் லேசுப்பட்டதில்லை. மாமியார் ரங்கம்மாளிடம் கல்யாணப் படம் ஒன்றுகூடக் கிடையாது. அன்றைக்கு வந்த புண்ணியவான் கேமராவில் பிலிம் ரோலே போடாமல் பிடித்துவிட்டுப் போனாராம். "இந்தத் தாலியாவது படத்துல வுழுமா மாப்ளே?" என்று பாவம், நாலு தடவை கேட்டுவிட்டார்.

வடக்கனந்தல் கோயில் மண்டபத்தில் விழா. என் பின்னாலேயே தோளில் கேமராவோடு ஒருவர் நின்றார். பெயர் உமர் பாரூக், செல்விக்குத் தெரிந்தவராம். கற்றுக்குட்டி என்று பார்த்ததும் புரிந்தது. எனக்கு இரக்கம் பொங்கியது.

"பேட்டரி நேத்தே சார்ஜ் போட்டீங்களா?"

"போட்டேங்க சார்."

"வெளிச்சம் நம்ம முதுகுப் பக்கம் இருக்கணும். முழங்கையை விலாவோட ஒட்டிக்கினா கை ஆடாது. கண்ணைப் பாத்து போகஸ் வைக்கணும். முக்கியமா, லென்ஸைத் தொடச்சிக்கினே இருக்கணும்!"

"சார், உங்க லென்ஸுல..."

"கேள்வியெல்லாம் அப்புறம். மொதல்ல கத்துக்குங்க!"

தாலி கட்டியாயிற்று. நானூறு படம் சுட்டுத் தள்ளினேன். திரையில் பார்த்தால் எல்லாமே ஒரே மூட்டம். ஓமப் புகை என்றேன். வெளியே வந்து கல்வராயன் மலையைப் பிடித்தேன். அங்கேயும் மூட்டம். மலைப் பனி என்றேன், பன்னிரண்டு மணி வெயிலில்.

செல்வி கேமராவை வாங்கிப் பார்த்தாள்.

"காலைல இதுக்குப் பூஜை போட்டீங்களே, சந்தனம் எங்க வெச்சீங்க?"

"அதோட நெத்தியிலதான்."

"அதுக்குப் பேரு லென்ஸுங்க."

மாமியார் வேறு பட்டுப்புடவை சரசரக்க வந்துகொண்டிருந்தார். தாலியை இன்னொரு தரம் கட்டச் சொல்ல முடியுமா? ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

"பாய், அந்தப் படத்தைக் காட்டுங்க" என்றாள் செல்வி.

உமர் பாரூக் காட்டினார். மாமனார் விரல், மஞ்சள் கயிறு, மாமியார் கண்ணில் திரண்ட நீர் வரைக்கும் பளிச்சென்று இருந்தது.

"கள்ளக்குறிச்சியில இருவது வருஷமா ஸ்டுடியோ வெச்சிக்கினு இருக்காரு" என்று என் காதில் சொன்னவள், அம்மாவிடம் சத்தமாக, "எல்லாம் உங்க மாப்ள ஏற்பாடும்மா!" என்றாள்.

மாமியார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பாடம் கேட்ட பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன். செல்விக்கு மனசுக்குள் நூறு கும்பிடு. நீ மட்டும் இல்லையென்றால் என் மானம் கோமுகி அணையில் மிதந்திருக்கும், மகராசி!

மாமியார் நகர்ந்ததும் செல்வியிடம் கேட்டேன். "பாயை வரச் சொல்லிட்டு, என்னை இன்னாத்துக்குப் புடிக்க வுட்டே?"

"போன விசேஷத்துல நீங்க சாம்பார் பரிமாறினது இன்னும் எங்க சித்தப்பா வேட்டியை வுட்டுப் போவலங்க. உங்க ரெண்டு கையும் எதுலயாவது மாட்டிக்கினு இருந்தா, ஜனங்க நிம்மதியா சாப்பிடுமேன்னுதான்."