பெரியப்பா மைக்கை வைக்கவில்லை

மைக் கைக்கு வந்தபின் அதைத் தானாகக் கீழே வைத்த ஆலயத் தலைவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. என் முனைவர் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனதற்கு அப்படிப்பட்ட ஒருவர்தான் காரணம். அவர் என் பெரியப்பா. (பாதித் தவறு என்னுடையது என்பார் என் கணவர். அவர் அன்று அங்கே இல்லை.)

மலேசியாவில் பத்து காஜா பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட எங்கள் பழைய தோட்டத்தில், குன்றுக்குப் பின்னாலிருக்கும் வீடுகளில் கைபேசிக்கு லைன் கிடைக்காது. அதற்காக ஆலய மண்டபச் சுவரில் ஒரு மின்னணுப் பலகை பொருத்தினேன். கண்ணாடி வெயிலைத் திருப்புவதுபோல, அது சிக்னலைத் திருப்பி அந்த வீடுகளுக்கு அனுப்பும். ஆனால் அலைவரிசை இரவல். உரிமையாளர், ஆலயத்தின் கம்பியில்லா மைக். அது ஓடினால் என் கருவி உடனே வாயை மூடிக்கொள்ள வேண்டும். திருவிழாவுக்கு மட்டும் எடுக்கிற மைக்தானே என்று நினைத்தேன். இந்த விதியை யாராலும், என்னாலும்கூட, மீற முடியாதபடி அமைத்துவிட்டு, ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுக்கப் பெருமையடித்திருந்தேன். அவ்வளவு புத்திசாலி!

சோதித்துப் பார்க்க ஈப்போவிலிருந்து சீனப் பேராசிரியை ஒருவர் வந்தார். அவர் சரி என்றால்தான் பட்டம். பெரியப்பா பலகைக்கே மாலை போட்டுக் குங்குமம் வைத்திருந்தார். பொறுத்துக்கொண்டேன். பிறகு மைக்கை எடுத்தார்.

"பெரியப்பா, மைக் வேணாம். அது ஓடுனா என் மெஷின் நின்னுடும்."

"சிகிட்தான்லா, ரெண்டே வார்த்தை. வந்தவங்கள வரவேற்காம விட்டா நம்ம தோட்டத்துக்கு மரியாதையா?"

தோட்ட வரலாற்றிலிருந்து தொடங்கினார். கருவி அடங்கிவிட்டது. பேராசிரியை காத்திருக்கிறார் என்று அவரைக் காட்டிச் சைகை செய்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது என்று நான் சொல்வதாகப் பெரியப்பா எடுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் மலாயில் மறுபடி சொன்னார். பொன்னாடை. அப்புறம் பொருளாளரின் நன்றியுரை. குன்றுக்குப் பின்னாலிருந்து அழைப்பு வருமா என்று பேராசிரியை சிரித்த முகத்தோடு கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அழைப்புகூட வரவில்லை.

அலைவரிசையைப் பகிரும் விதி அருமையாக வேலை செய்கிறது, பலகையைத்தான் பார்க்க முடியவில்லை, அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மூன்று வருட உழைப்பு. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

கார் வளைவில் மறைந்ததும் மைக் அணைந்தது. குன்றுக்குப் பின்னால் எல்லா வீடுகளிலும் லைன் முழுசாக வந்தது. என் பலகை வழியாகப் போன முதல் செய்தி, குடும்பக் குழுவில் பெரியப்பா போட்ட தன் பேச்சின் வீடியோ.

இப்போதும் வீட்டு விசேஷத்தில் யாராவது மைக்கைத் தொட்டால், "ஓனர் பேசுறாரு, எல்லாம் அடங்குங்க" என்பாள் என் தங்கை. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் பட்டம் வாங்கிய விருந்திலும் சொன்னாள். அன்று பெரியப்பா முக்கால் மணி நேரம் பேசினார். என் பெயரைச் சொல்லத்தான் மறந்துவிட்டார்.