வரையாடு கொடுத்த ஒற்றை நட்சத்திரம்

ஒரு காட்டில் சைக்கிள் வந்து சேர்ந்த பிறகு நடந்த கதை இது. அதற்கு முன்னால் அந்தக் காட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

அங்கே சடையாண்டி என்று ஒரு கரடி இருந்தது. வயதான கரடி. மலை உச்சியில் ஒரு சுனை, அடிவாரத்தில் ஒரு சாமி. கொடை என்று சாமிக்கு வருசம் ஒரு திருவிழா. அன்று சுனைத் தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு யார் முதலில் சாமி முன்னால் வந்து நிற்கிறார்களோ, அவர்கள் தலையில் ஆமைப் பூசாரி பரிவட்டம் கட்டும். வெறும் சிவப்புத் துணிதான். ஆனால் அதைக் கட்டியவருக்கு அடுத்த கொடை வரைக்கும் காட்டில் எங்கே போனாலும் நிழலில் இடம் ஒதுக்குவார்கள். கரடியின் தாத்தா அதைக் கட்டியது. அப்பா கட்டியது. சடையாண்டியும் வருசக்கணக்கில் கட்டியது. எல்லாரும் நடந்து வந்த காலம் வரைக்கும் அந்தக் குடும்பத்தை முந்த ஆளில்லை. முந்த நினைப்பவர்களைக் கரடி வழியில் ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். அவ்வளவுதான், அவர்களுக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிடும்.

பிறகு சைக்கிள் வந்தது. இனிமேல் சைக்கிளிலும் தண்ணீர் கொண்டுவரலாம் என்று பஞ்சாயத்துத் தலைவரான யானை சொல்லிவிட்டது. அன்று முதல் பொன்னையா என்கிற வரையாடுதான் பரிவட்டம் கட்டியது.

கரடியிடமும் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. பிரேக் மட்டும் கிடையாது. இறக்கத்தில் இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தேய்த்துக்கொண்டே இறங்கும். அடிவாரம் வரும்போது உள்ளங்காலில் புகை வரும். அதற்குள் பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

தோற்றதைக்கூடக் கரடி தாங்கிக்கொண்டது. தாங்க முடியாதது தேங்காய்தான்.

முதல் தடவை ஜெயித்தபோது வரையாட்டுக்குப் பரிவட்டத்தோடு சாமிக்கு உடைத்த தேங்காயும் கிடைத்தது. அது நேராகக் கரடியிடம் வந்து ஒரு மூடியை நீட்டியது. “சாப்பிடுங்க அண்ணாச்சி. களைச்சுப்போய் வந்திருக்கீங்க.” அதுவும் பெரிய மூடி. சின்ன மூடியைத் தானே வைத்துக்கொண்டது. மனதில் இளக்காரம் இல்லாமல் யாராவது பெரிய மூடியை அடுத்தவருக்குக் கொடுப்பார்களா? கரடி அதைத் தின்னவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, படுத்தால் கண்ணில் படுகிற இடத்தில் ஆணி அடித்து மாட்டி வைத்தது. தினமும் எழுந்ததும் அதைத்தான் பார்க்கும்.

இந்த வருசம் இன்னொன்றும் நடந்தது. கொடைக்கு நாள் குறித்த கூட்டத்தில் வரையாடு எழுந்து நின்றது.

“நம்ம பெரியவங்க இன்னும் எத்தனை நாளைக்கு மலை ஏறி இறங்கிக் கஷ்டப்படணும்? அவங்களுக்குச் சாமி பக்கத்துலயே நாற்காலி போடுவோம். உட்கார்ந்து பார்க்கட்டும்.”

எல்லாரும் கை தட்டினார்கள். யானையும் தும்பிக்கையை ஆட்டியது. இந்தக் கொடை போகட்டும், அடுத்த கொடையிலிருந்து நாற்காலி என்று முடிவாயிற்று. நாற்காலி ஒன்றுதான் வாங்கினார்கள். அது யாருக்கு என்று கேட்க வேண்டியதே இல்லை, அகலமான நாற்காலி.

ஆக, கரடிக்கு இதுதான் கடைசிக் கொடை. வீட்டுக்கு வந்ததும் மனைவி இசக்கியம்மாளிடம் சொன்னது: “எனக்கு ஒரு பிரேக் வேணும். பிரேக் இருந்தா காலைத் தேய்க்க வேண்டாம். காலைத் தேய்க்கலேன்னா அவன் எனக்குத் தூசு.”

இசக்கியம்மாள் செல்போனை எடுத்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தது அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

“பிரேக் மட்டும் போதுமா? தலைக்கு ஹெல்மெட், கைக்கு உறை எல்லாம் இருக்கு.”

“வாங்கினவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு படி. கடைக்காரன் ஆயிரம் சொல்லுவான்.”

“ஹெல்மெட்டுக்கு வௌவால் அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கு. தொங்குறப்ப கிண்ணம் மாதிரி இருக்காம், பழம் போட்டு வச்சுக்க வசதியாம்.”

“பார்த்தியா, உறுதியான சாமான். போடு. கை உறை?”

“சாரைப்பாம்பு எழுதியிருக்கு. ஒரு வருசமா வச்சிருக்காம், விரல்ல ஒரு கீறல்கூட இல்லையாம்.”

“அதையும் போடு. இப்ப பிரேக்குக்கு வா.”

பிரேக்குக்கு நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். இசக்கியம்மாள் ஒவ்வொன்றாகப் படித்தது.

“தேவாங்கு, அஞ்சு நட்சத்திரம். பிடிச்சதும் வண்டி நின்னுச்சாம். பிடிக்கிறதுக்கு முன்னாடியும் நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சாம். மயிலும் அஞ்சு. சாமான் இன்னும் வந்து சேரலையாம், ஆனா படத்துல நல்ல நிறமா இருக்காம்.”

“ம்.”

“இது முயல். இப்பத்தான் மாட்டியிருக்கேன், இறக்கத்துக்குக் கிளம்பிட்டேன், கீழ போய் மீதியை எழுதுறேன்னு போட்டிருக்கு. அஞ்சு நட்சத்திரம்.”

“மீதி என்ன எழுதியிருக்கு?”

“மீதியைக் காணோம்.”

“குட்டிகுளுவான் உள்ள வீடு. நேரம் இருந்திருக்காது.”

இசக்கியம்மாள் இன்னும் கீழே தள்ளியது. பிறகு போனைக் கவிழ்த்து வைத்தது.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. ஒருத்தர் மட்டும் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருக்காரு.”

“யாரு?”

“வேண்டாம், விடுங்க.”

“யாருன்னு கேட்டேன்.”

“பொன்னையாதான்.”

கரடி நிமிர்ந்து உட்கார்ந்தது. “படி.”

“‘பிரேக் கட்டை பிடிக்கவே இல்லை. இரண்டாவது வளைவில் கழன்று விழுந்துவிட்டது. நான் பாறையில் தாவியதால் பிழைத்தேன். யாரும் வாங்க வேண்டாம். முக்கியமாக வயதானவர்கள் வாங்கவே வேண்டாம்.’”

கரடி ஆணியில் தொங்கிய தேங்காய் மூடியைப் பார்த்தது.

“வயதானவர்கள்னு எழுதியிருக்கானா?”

“ஆமா.”

“இந்தக் காட்டுல சைக்கிள் ஓட்டுற வயசானவன் எத்தனை பேரு?”

விரல் விட்டு எண்ண ஒரு விரலே போதும்.

“எனக்காகவே உட்கார்ந்து எழுதியிருக்கான். எல்லாரும் அஞ்சு போட்டிருக்காங்க, இவனுக்கு மட்டும் என்ன வந்துச்சு? நான் நல்ல பிரேக் மாட்டிட்டா பரிவட்டம் போயிருமேன்னு வயித்தெரிச்சல். இசக்கி, அந்தப் பிரேக்கையே வாங்கு.”

“ஒருவேளை நெசமாவே பிடிக்கலையோ என்னமோ. ஒரு வார்த்தை அவர்கிட்டயே கேட்டுப் பார்ப்போமே.”

“பெரிய மூடியைக் கொடுத்தவன்கிட்ட நான் போய்க் கேக்கணுமா?”

இசக்கியம்மாள் வாங்கும் பொத்தானை அழுத்தியது.

கொரியர் குரங்கு பெட்டியோடு வந்து, செல்போனுக்கு வந்த எண்ணைச் சொல்லச் சொன்னது. “என் வீட்டுக்கு வந்த எண்ணை உனக்கு எதுக்குச் சொல்லணும்?” என்று கரடி கேட்டது. குரங்கு கெஞ்சிப் பார்த்தது. கடைசியில் இசக்கியம்மாள் புறவாசல் வழியாகப் போய் எண்ணைச் சொல்லிப் பெட்டியை வாங்கி வந்தது. கரடி தன் கையாலேயே பிரேக்கை மாட்டியது. கை உறையில் விரல் நுழைவதற்கு முன்னால் நகம் வெளியே வந்துவிட்டது. ஹெல்மெட் இரண்டு காதுக்கும் நடுவில் கவிழ்த்த கொட்டாங்கச்சி மாதிரி உட்கார்ந்தது. “நல்லா இருக்கீங்க” என்றது இசக்கியம்மாள். வேறு என்ன சொல்லும்.

கொடை நாள் வந்தது. சுனைக்கரையில் எல்லாரும் குடத்தை நிரப்பி, வாயில் துணி கட்டி, கேரியரில் இறுக்கிக் கட்டினார்கள். வரையாடு கரடியின் சைக்கிளைக் குனிந்து பார்த்தது. அதன் முகம் மாறிவிட்டது.

“அண்ணாச்சி, இந்தப் பிரேக்கையா மாட்டியிருக்கீங்க? நான் எழுதியிருந்தேனே, பார்க்கலையா?”

“பார்த்தேன். பார்த்துட்டுத்தான் வாங்கினேன்.”

“என் சைக்கிள்ல கட்டைக்குப் பதிலாப் பழைய டயரை வெட்டி வச்சிருக்கேன், நல்லாப் பிடிக்கும். வேணும்னா வண்டியை மாத்திக்குவோம். நான் எப்படியும் தாவிருவேன்.”

“உன் வண்டியில போய் நான் பரிவட்டம் கட்டணுமாக்கும்.”

கொம்பு ஊதினார்கள். எல்லாரும் இறங்கினார்கள்.

முதல் வளைவில் கரடி பிரேக்கைப் பிடித்தது. வண்டியின் வேகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. புதுச் சாமான், பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டது. இரண்டாவது வளைவில் இன்னும் அழுத்திப் பிடித்தது. ஒரு பிரேக் கட்டை தெறித்துப் புதருக்குள் போயிற்று. இன்னொன்று கரடியின் மூக்கை உரசிக்கொண்டு போயிற்று. முன்னால் போன மான், பன்றி, நரி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகப் பின்னால் போவதைக் கரடி பார்த்தது. இத்தனை வருசத்தில் அது பார்க்காத காட்சி. பயமாக இருந்தாலும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வரையாட்டின் பக்கத்தில் வந்தபோது அது கத்தியது: “காலை ஊனுங்க அண்ணாச்சி, காலை ஊனுங்க.”

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் கரடி காலைத்தான் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. பழகிய கால் அல்லவா. ஒரு காலின் நகம் தரையில் பட்டும்விட்டது. அதற்குள் இவன் சொல்லிவிட்டான். இவன் சொல்லி ஊன்றியதாக நாளைக்கு ஊர் முழுக்கப் பேச்சாகிவிடாதா? கரடி இரண்டு காலையும் தூக்கி ஹேண்டில்பார் மேல் வைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அந்தச் சைக்கிளை முந்தக் காற்றால்கூட முடியவில்லை.

அடிவாரத்தில் ஆமைப் பூசாரி பரிவட்டத் துணியை இரண்டு கையிலும் ஏந்தி நின்றது. முதலில் யார் வருகிறார்கள் என்று கழுத்தை நீட்டிப் பார்த்தது. பார்த்ததும் கழுத்தையும் கையையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. துணி மட்டும் அந்தரத்தில் நின்றது. கரடி அதற்குள் தலையைக் கொடுத்தபடி சாமியைத் தாண்டி, பொங்கல் பானையைத் தாண்டி, அடுத்த கொடைக்கென்று அங்கே வாங்கி வைத்திருந்த அகலமான நாற்காலியை இரண்டாகப் பிளந்து, அப்படியே குளத்துக்குள் போய் விழுந்தது.

கொஞ்ச நேரம் குமிழிதான் வந்தது. கரையில் இசக்கியம்மாள் மார்பில் கை வைத்துக்கொண்டு நின்றது. பிறகு ஹெல்மெட் தனியாக மேலே வந்தது. அதற்குப் பிறகு, சிவப்புத் துணி சுற்றிய தலையோடும் கையில் குடத்தோடும் கரடி எழுந்து வந்து சாமி முன்னால் நின்றது. குடத்தின் வாயில் கட்டிய துணியைக் காணோம். ஆனால் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. அதில் ஒரு கெண்டை மீன் நீந்திக்கொண்டிருந்தது.

“இது சுனைத் தண்ணியா, குளத்துத் தண்ணியா?” என்றது பூசாரி ஓட்டுக்குள்ளிருந்தே.

எல்லாரும் முணுமுணுத்தார்கள். இது செல்லாது என்றது நரி. யானை ஒடிந்த நாற்காலியைப் பார்த்தது. இத்தனை வருசம் காத்திருந்து, இவ்வளவு தூரம் உருண்டு வந்து, கடைசியில் ஒரு மீனால் பரிவட்டம் போகப்போகிறதே என்று கரடி நின்றது.

அப்போதுதான் வரையாடு வந்து சேர்ந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னது: “சுனையில வழியிற தண்ணிதானே குளத்துக்கு வருது. ரெண்டும் ஒண்ணுதான். அண்ணாச்சிதான் முதல்ல வந்தாரு, அவருக்குத்தான் மரியாதை.”

யானை தலையாட்டியது. பரிவட்டம் ஏற்கெனவே தலையில் இருந்ததால் பூசாரி முடிச்சு மட்டும் போட்டது. ஜெயித்தவருக்கு எதற்கு நாற்காலி என்று நாற்காலித் திட்டத்தையும் கைவிட்டார்கள். திட்டத்தைக் கைவிடாவிட்டாலும் நாற்காலி இல்லை.

சாமிக்கு உடைத்த தேங்காயைக் கரடியிடம் கொடுத்தார்கள். கரடி இரண்டு மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நன்றாக அளந்து பார்த்தது. பெரிய மூடியை எடுத்துக்கொண்டு நேராக வரையாட்டிடம் போய் எல்லாரும் பார்க்க நீட்டியது. பழிக்குப் பழி.

“எனக்கா அண்ணாச்சி?” என்று வாங்கிய வரையாடு அங்கேயே நின்று அதைத் தின்றுவிட்டது. அதுவும் ருசித்து. கொட்டாங்கச்சியைக்கூட ஒரு தடவை நக்கியது.

கரடி பரிவட்டத்தோடு வீட்டுக்கு வந்தது. உடம்பில் வலிக்காத இடம் இல்லை. உட்கார்ந்ததும் போனை எடுக்கச் சொல்லி, பிரேக்குக்கு அஞ்சு நட்சத்திரம் போடச் சொன்னது.

“‘மிக நல்ல பிரேக். முதல் மரியாதை கிடைத்தது. வயதானவர்கள் அவசியம் வாங்கவும்’னு எழுது.”

இசக்கியம்மாள் எழுதியது. அன்று மாலைக்குள் மானும் பன்றியும் நரியும் அதே பிரேக்கை வாங்கிவிட்டதாகப் போன் காட்டியது. பிறகு திரையில் பொன்னையாவின் ஒற்றை நட்சத்திரம் வந்தது. அதன் அடியில் ஒரு கேள்வி இருந்தது.

“இந்தக் கருத்து உங்களுக்கு உதவியாக இருந்ததா, ஆமாவா இல்லையான்னு கேக்குது.”

“யாரோடது?”

“பொன்னையாவோடது. ஆமான்னு போட்டுரட்டுமா? பாவம், நெசத்தைத்தானே எழுதியிருக்காரு. பிரேக் பிடிக்கலதானே?”

“பிடிச்சிருந்தா நான் தோத்திருப்பேன். அது பிடிக்காதுன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே வாங்காதேன்னு எழுதுறான்னா என்ன அர்த்தம்? நான் ஜெயிச்சுரக் கூடாதுன்னு அர்த்தம்.”

இசக்கியம்மாள் யோசித்துப் பார்த்தது. எங்கோ இடித்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

கரடி போனைத் தானே வாங்கியது. எழுத்து தெரியாததால் எது ‘இல்லை’ என்று மனைவியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆணியில் தொங்கிய மூடியை ஒரு தடவை பார்த்துவிட்டு, நகத்தால் ‘இல்லை’யை அழுத்தியது.

நீதி: எதிரி உண்மையைச் சொன்னால் கேட்காதே; கேட்டால் பத்திரமாக வீடு வந்து சேர்வாய், ஆனால் பத்திரமாக வந்தவன் தலையில் யாரும் பரிவட்டம் கட்டுவதில்லை.